வல்லவனா, ஹிப் ஹாப் தமிழனா, தெருக்குரலா? தமிழ் ராப் ஆல்பங்களைப் பாரபட்சம் இல்லாமல் ஒப்பிடுவது எப்படி?

கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலை ஏறி கரியாலூர் போகும் வழியில் செல்போன் சிக்னல் வரும், போகும். பாட்டு கேட்டுக்கொண்டே போக வேண்டும் என்றால் அடிவாரத்திலேயே டவுன்லோடு செய்து வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். இளைஞர்கள் நிறைந்த ஒரு வேனில் ப்ளூடூத் ஸ்பீக்கர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நாலு பாட்டுக்கு ஒரு ராப் பாட்டு கட்டாயம் வரும். கூடவே பஞ்சாயத்தும் வரும்.

"யோகி பி-தான்டா எல்லாத்துக்கும் தல" என்பார் ஒருவர். "ஹிப்ஹாப் ஆதி இல்லேன்னா நம்ம ஊர்ல ராப்னா என்னன்னே தெரிஞ்சிருக்காது" என்பார் இன்னொருவர். "ரெண்டு பேரும் அறிவு பாட்டை முழுசா கேட்டுட்டு அப்புறம் பேசுங்க" என்று பின் சீட்டிலிருந்து மூன்றாவது குரல் வரும். படகுத் துறை வந்து எல்லோரும் இறங்கும் வரைக்கும் தீர்ப்பு வராது.

கோலாலம்பூர், சென்னை, டொராண்டோ என்று தமிழ் ராப் கேட்கிற எல்லா ஊரிலும் இதே சண்டைதான். இந்த ஆல்பங்களை நியாயமாக ஒப்பிட முடியுமா? முடியும் என்றால் எதை வைத்து ஒப்பிடுவது?

எந்த மூன்று ஆல்பங்கள்?

முதலாவது, மலேசியாவிலிருந்து 2006-ல் வந்த 'வல்லவன்'. யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகியோர் சேர்ந்த 'யோகி பி அண்ட் நட்சத்ரா' குழுவின் ஆல்பம். அதற்கு முன்பே 'பொயட்டிக் அம்மோ' என்ற மலேசியக் குழுவில் பல மொழிகளில் ராப் செய்து பெயர் வாங்கியவர் யோகி பி. ஒரு சின்ன எச்சரிக்கை: இந்தப் பெயரைத் தேடினால் பெரும்பாலும் சிம்பு நடித்த 'வல்லவன்' படம்தான் முதலில் வந்து நிற்கும். அதுவும் அதே 2006-ல் வந்ததுதான். யோகி பி பெயரையும் சேர்த்துத் தேடுங்கள்.

இரண்டாவது, 2012-ல் வந்த 'ஹிப் ஹாப் தமிழன்'. கோவைக்காரரான ஆதியும் ஜீவாவும் சேர்ந்த 'ஹிப்ஹாப் தமிழா' உருவாக்கியது, திங்க் மியூசிக் வெளியிட்டது. 'க்ளப்புல மப்புல' பாட்டு யூடியூபில் காட்டுத்தீயாகப் பரவி இருவரையும் ஊருக்கே அறிமுகப்படுத்திய பிறகு வந்த ஆல்பம் இது.

மூன்றாவது, 2019-ல் வந்த 'தெருக்குரல்'. அரக்கோணத்தைச் சேர்ந்த அறிவும், இசை தயாரிப்பாளர் ஆஃப்ரோவும் சேர்ந்து செய்தது. அதற்கு முந்தைய ஆண்டு, 2018 ஜனவரி 6-ம் தேதி சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி நடத்திய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவில் அறிவும் ஒருவர். இயக்குநர் பா.ரஞ்சித்தும் இசைக்கலைஞர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு அது. கானா, பறை, ராப் எல்லாம் ஒரே மேடையில் ஏறியது. அயோத்திதாசப் பண்டிதர் பயன்படுத்திய 'சாதி பேதமற்ற தமிழர்' என்ற சொல்லிலிருந்து குழுவுக்குப் பெயர் வந்தது.

இந்த மூன்று ஆல்பங்களுக்கும் இடையே ஒவ்வொரு முறையும் ஆறு, ஏழு வருட இடைவெளி இருக்கிறது. ஒரே நாளில் வெளியாகி மோதியவை அல்ல. போட்டியைக் கட்டி எழுப்பியதெல்லாம் ரசிகர்கள்தான். கரியாலூர் கணக்கில் சொன்னால், 'வல்லவன்' வந்தபோது இந்த மலை விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 'தெருக்குரல்' வந்த 2019-ல்தான். மாவட்டமே மாறும் அளவுக்கு இடைவெளி இருக்கும் ஆல்பங்களை ஒரே தராசில் வைக்கிறோம் என்பது ஞாபகம் இருக்கட்டும்.

'முதல் தமிழ் ராப் ஆல்பம்' எது?

ரசிகர் சண்டை தொண்ணூறு சதவீதம் இங்கேதான் சூடாகும். 'ஹிப் ஹாப் தமிழன்' ஆல்பத்தை 'இந்தியாவின் முதல் தமிழ் ஹிப்ஹாப் ஆல்பம்' என்று பலரும் குறிப்பிடுகிறார்கள். உடனே யோகி பி ரசிகர்கள் 2006-ஐக் காட்டுவார்கள். இரு தரப்பும் பொய் சொல்லவில்லை. 'இந்தியாவின்' என்ற ஒரு சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. அந்தச் சொல்லை விட்டுவிட்டுப் பேசினால் மலேசியத் தமிழர்களின் வேலை மொத்தமும் காணாமல் போய்விடும்.

இன்னும் பின்னால் போகலாம். 1994-ல் வந்த 'காதலன்' படத்தின் 'பேட்டை ராப்' பாட்டை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஏ.ஆர்.ரஹ்மான் இசையில் சுரேஷ் பீட்டர்ஸ், ஷாகுல் ஹமீது, தேனி குஞ்சரம்மாள் பாடியது. தமிழ்நாட்டில் ஒரு தலைமுறைக்கு 'ராப்' என்ற சொல்லே அந்தப் பாட்டு வழியாகத்தான் தெரியவந்தது. ஆனால் அது சினிமாப் பாட்டு, தனி ஆல்பம் இல்லை. லண்டனில் வளர்ந்த ஈழத் தமிழ்ப் பெண் எம்.ஐ.ஏ. 2005-ல் 'அருளர்' ஆல்பத்தை வெளியிட்டார், பிரிட்டனின் மெர்க்குரி பரிசுப் பட்டியலில் அது இடம்பிடித்தது. ஆனால் அது ஆங்கில ஆல்பம். தமிழரின் ஆல்பமா, தமிழ் ஆல்பமா என்று அடுத்த கேள்வி வரும்.

ஹிப்ஹாப் பிறந்த இடத்திலேயே இந்தக் குழப்பம் உண்டு. நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் 1973 ஆகஸ்ட் 11-ம் தேதி டிஜே கூல் ஹெர்க் இசை போட்ட ஒரு விருந்தைத்தான் ஹிப்ஹாப்பின் பிறந்தநாள் என்று வைத்திருக்கிறார்கள். 2023-ல் ஐம்பதாவது ஆண்டு விழாவும் கொண்டாடினார்கள். அதற்கு முந்தின நாள் வரை ஒன்றுமே இல்லாமல் அன்றைக்குத் திடீரென்று வானத்திலிருந்து குதித்ததா என்ன? ஒரு தேதியைத் தேர்வு செய்தார்கள், அவ்வளவுதான். யார் முதல் என்பது வரலாற்றுக் கேள்வி. யார் ஆல்பம் நன்றாக இருக்கிறது என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் வேன் மலை ஏறி இறங்கினாலும் முடிவு வராது.

வியூஸ் எண்ணிக்கையை நம்பலாமா?

"எங்காளு பாட்டுக்கு எத்தனை கோடி வியூஸ் பாரு" என்பது அடுத்த அஸ்திரம். இதில் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது.

2006-ல் 'வல்லவன்' தமிழ்நாட்டுக்குள் எப்படி வந்தது என்று யோசித்துப் பாருங்கள். யூடியூப் தொடங்கி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. ஸ்மார்ட்போன் கிடையாது. சிடியில் காப்பி எடுத்து, பிறகு மெமரி கார்டில் ஏற்றி, பட்டன் போனிலிருந்து பட்டன் போனுக்கு ப்ளூடூத்தில் அனுப்பித்தான் பாட்டுகள் ஊர் ஊராகப் போயின. பத்து, இருபது ரூபாய் கொடுத்தால் கார்டு நிறையப் பாட்டு ஏற்றித் தரும் செல்போன் கடைகள் இல்லாத பஸ் ஸ்டாண்டே அப்போது கிடையாது. 'மடை திறந்து' ரீமிக்ஸை அந்த வழியில் எத்தனை லட்சம் பேர் கேட்டார்கள் என்பதற்கு எந்தக் கணக்கும் இல்லை. அந்த ரசிகர்களுக்குப் பாட்டு மனப்பாடமாகத் தெரியும், கலைஞருக்கோ அதில் ஒரு ரூபாய்கூடப் போயிருக்காது.

2012 நிலைமை வேறு. யூடியூப் வந்துவிட்டது, கல்லூரி மாணவர்கள் கையில் இன்டர்நெட் இருந்தது. 2019-ல் ஜியோ புண்ணியத்தில் டேட்டா மலிவாகிவிட்டது. ஆக, ஒரே தரத்தில் மூன்று பாட்டு வந்திருந்தாலும் கடைசியாக வந்ததற்கே எண்ணிக்கை அதிகம் காட்டும். கிரிக்கெட்டில் 60 ஓவர் காலத்து ஸ்கோரையும் டி20 ஸ்கோரையும் நேராக ஒப்பிடுவோமா? அதே கதைதான்.

இன்றைக்கும்கூட, மலைக்கிராமத்தில் ஒருவர் ஒருமுறை டவுன்லோடு செய்துவிட்டு அந்த ஃபைலையே வருடம் முழுக்கக் கேட்டால் அது எந்த மீட்டரிலும் ஏறாது. நல்ல வைஃபை இருக்கிற வீட்டில் ஒருவர் தூங்கும்போது ஓடிக்கொண்டிருந்த பாட்டு ஏறிவிடும்.

விற்பனையை வைத்தே ஆல்பம் சண்டை நடந்த புகழ்பெற்ற உதாரணம் அமெரிக்காவில் இருக்கிறது. 2007 செப்டம்பர் 11-ம் தேதி, ஒரே நாளில், கான்யே வெஸ்டின் 'கிராஜுவேஷன்', 50 சென்ட்டின் 'கர்ட்டிஸ்' இரண்டும் வெளியாகின. தன்னைவிட கான்யே அதிகம் விற்றால் இனி தனி ஆல்பமே போடமாட்டேன் என்று சவால் விட்டார் 50 சென்ட். முதல் வாரத்தில் அமெரிக்காவில் 'கிராஜுவேஷன்' சுமார் 9 லட்சத்து 57 ஆயிரமும், 'கர்ட்டிஸ்' சுமார் 6 லட்சத்து 91 ஆயிரமும் விற்றன. 50 சென்ட் தோற்றார். ஆனால் சொன்னபடி ஆல்பம் போடுவதை நிறுத்தவில்லை. சவால் என்பது வியாபாரத்துக்கான மசாலா என்று இரண்டு பேருக்கும் தெரியும். இரண்டு ஆல்பமுமே அந்தச் சண்டையால் லாபம் பார்த்தன. அந்த ஒப்பீட்டில் ஒரு நேர்மை மட்டும் இருந்தது: ஒரே நாள், ஒரே சந்தை, ஒரே அளவுகோல். தமிழ் ராப்பில் அப்படி ஒரு வாய்ப்பே இதுவரை அமைந்ததில்லை.

வரிகளை எப்படி எடை போடுவது?

இங்கேதான் உண்மையான ஒப்பீடு தொடங்குகிறது. தமிழ் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் ஒரு சவுகரியமும் உண்டு.

ஆங்கில ராப்பில் வரி முடிவில் ஓசை ஒத்து வந்தால் அது திறமை. தமிழில் அது ரொம்ப சுலபம். வந்தான், போனான், நின்றான், சொன்னான் என்று வினைச்சொல்லை வரிக் கடைசியில் வைத்தாலே போதும், ஓசை தானாக ஒத்துப்போகும். நம் இலக்கணத்தில் இதற்கு இயைபு என்று பெயர். விகுதி செய்கிற வேலையை ராப்பர் செய்ததாக நினைத்துக் கைதட்டிவிடக் கூடாது.

தமிழில் கஷ்டமானது எதுகை. பட்டம், சட்டம், கட்டம் என்று இரண்டாம் எழுத்து ஒத்து வருவது. அதைவிடக் கஷ்டம், வரியின் நடுவிலும் அந்த ஓசையை ஓடவிட்டு, அதே நேரத்தில் அர்த்தமும் கெடாமல், பீட்டையும் விடாமல் பிடிப்பது. திருப்புகழில் அருணகிரிநாதர் சந்தத்தை ஓடவிட்ட மொழி இது. கோயிலில் திருப்புகழ் கேட்டவர்களுக்கும், மேடையில் வில்லுப்பாட்டு கேட்டவர்களுக்கும், சாவு வீட்டில் கானா கேட்டவர்களுக்கும் எது நிஜமான ஓட்டம், எது இட்டு நிரப்பியது என்று காது சொல்லிவிடும்.

அதற்கு ஒரு எளிய வழி: ஒரு பாட்டை மூன்று தடவை கேளுங்க. முதல் தடவை வரிகளைக் கவனிக்காமல் பீட்டோடு மட்டும் போங்க. இரண்டாவது தடவை வரிகளைப் பார்த்துக்கொண்டே கேளுங்க. மூன்றாவது தடவை பாட்டை நிறுத்திவிட்டு, ஞாபகத்தில் நிற்கிற ஒரு வரியைப் பேச்சு மாதிரி சொல்லிப் பாருங்க. பீட் இல்லாமலும் அந்த வரிக்கு உயிர் இருந்தால் அது எழுத்தின் பலம். பீட்டை எடுத்ததும் சப்பென்று ஆனால், நீங்கள் ரசித்தது தயாரிப்பாளரின் வேலையை.

இந்தச் சோதனையில் மூன்று ஆல்பமும் மூன்று விதமாக நிற்கின்றன. 'வல்லவன்' ஆல்பத்தில் யோகி பி-யின் தமிழ் கொஞ்சம் மேடைத் தமிழ், கொஞ்சம் மலேசியத் தமிழ், நடுநடுவே ஆங்கிலம். ஓசைக் கட்டு இறுக்கமாக இருக்கும். பிறகு வந்த எல்லோரும் அந்தக் கட்டைக் கேட்டு வளர்ந்தவர்கள் என்பது பாட்டிலேயே தெரியும். இருபது வருடம் கழித்தும் அதைத் தாண்டுவது சுலபமில்லை.

'ஹிப் ஹாப் தமிழன்' பக்கத்து வீட்டுப் பையன் பேசுகிற தமிழ். ராப் கேட்டே பழகாத அம்மாவுக்கும் புரியும். அந்த எளிமைதான் அதன் பலம், சில இடங்களில் பலவீனமும் அதுதான். 'க்ளப்புல மப்புல' பாட்டு, பெண்கள் குடிப்பதையும் உடுத்துவதையும் கேலி செய்து கைதட்டு வாங்கியது. அன்றைக்கே அதற்கு எதிர்ப்பு இருந்தது. இன்றைக்குக் கேட்டால் நெளிய வைக்கிறது. பிடித்த கலைஞர் என்பதற்காக அதை மூடி மறைக்க வேண்டியதில்லை. அதே ஆதிதான் பின்னாளில் தமிழ் எழுத்தின் வரலாற்றைத் தேடி 'தமிழி' என்ற ஆவணத் தொடரும் எடுத்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

'தெருக்குரல்' வந்து உட்காரும் இடமே வேறு. 'ஆன்டி இந்தியன்', 'கள்ள மௌனி' போன்ற பாட்டுகளில் கேட்பவரைத் தாலாட்டுகிற எண்ணமே இல்லை. பீட் ஓரமாக நிற்கிறது, சொல் முன்னால் வருகிறது. பார்ட்டியில் போட்டால் கூட்டம் கலைந்துவிடலாம். தனியாக ஹெட்போனில் கேட்டால் அன்றைக்குத் தூக்கம் வராது. எழுத்தை மட்டும் அளவுகோலாக வைத்தால் மூன்றில் முன்னால் நிற்பது இதுதான். ஆடுவதற்கு ஒரு பாட்டு வேண்டும் என்பதை அளவுகோலாக வைத்தால் கடைசி.

பீட்டும் ஆல்பத்தில் பாதி

ராப் ரசிகர்கள் பாடகர் பெயரை மட்டும் சொல்லிச் சண்டை போடுவது பெரிய அநியாயம். 'மடை திறந்து' எங்கிருந்து வந்தது? 1980-ல் வந்த 'நிழல்கள்' படத்தில் இளையராஜா போட்ட மெட்டு, வாலி எழுதியது, எஸ்.பி.பாலசுப்ரமணியம் பாடியது. சாதிக்கத் துடிக்கும் ஒரு இசைக்கலைஞனின் பாட்டு. 26 வருடம் கழித்து, கடல் கடந்து இருந்த ராப்பர்கள் தங்களுடைய துடிப்பைச் சொல்ல அதே பாட்டைக் கையில் எடுத்தார்கள். தேர்வு சரியாக இருந்ததால்தான் ரீமிக்ஸ் ஒட்டிக்கொண்டது. ஆனால் அந்தப் பாட்டு தரும் சிலிர்ப்பில் எவ்வளவு இளையராஜாவுக்கு, எவ்வளவு நட்சத்ராவுக்கு என்று கேட்காமல் 'வல்லவன்'-க்கு மார்க் போட முடியாது. அதே மாதிரி 'தெருக்குரல்' ஆல்பத்தை அறிவு ஆல்பம் என்று மட்டும் சொல்லி ஆஃப்ரோவை விட்டுவிடுவதும், ஹிப்ஹாப் தமிழாவில் ஜீவாவை மறந்துவிடுவதும் பாரபட்சம்தான்.

சினிமாக் கணக்கு வேண்டாம்

இன்னொரு கலப்படமும் நடக்கிறது. மூன்று பேருமே சினிமாவுக்கும் வந்தார்கள். யோகி பி 2007-ல் 'பொல்லாதவன்' படத்தின் 'எங்கேயும் எப்போதும்' ரீமிக்ஸிலும், 2011-ல் 'ஆடுகளம்' படத்திலும், 2017-ல் 'விவேகம்' படத்திலும் குரல் கொடுத்தார். ஹிப்ஹாப் தமிழா 2015-ல் 'ஆம்பள' மூலம் இசையமைப்பாளர் ஆனார்கள், அதே ஆண்டு 'தனி ஒருவன்' வந்தது. 2017-ல் 'மீசைய முறுக்கு' படத்தில் ஆதி ஹீரோவே ஆகிவிட்டார். அறிவு 'மாஸ்டர்' படத்தில் 'வாத்தி ரெய்டு' எழுதிப் பாடினார்.

சினிமாப் பாட்டுக்குப் பின்னால் ஹீரோவின் மார்க்கெட் இருக்கிறது. அந்தப் புகழை ஆல்பத்தின் கணக்கில் சேர்த்தால் ஆதி எப்போதும் ஜெயிப்பார். ஒப்பிடுவது ஆல்பங்களை என்றால் ஆல்பத்தோடு நிறுத்திக்கொள்வதே நியாயம்.

யார் பெயர் முன்னால்? 'என்ஜாய் எஞ்சாமி' சொன்ன பாடம்

"பாட்டு நல்லா இருந்தா போதாதா, யார் எழுதினா என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கான பதில் 2021-லேயே கிடைத்துவிட்டது.

அந்த ஆண்டு மார்ச் 7-ம் தேதி வெளியான 'என்ஜாய் எஞ்சாமி' உலகம் முழுக்க ஓடியது. தீ, அறிவு இருவரும் பாட, சந்தோஷ் நாராயணன் இசையில், 'மாஜா' தளத்தில் வெளிவந்த பாட்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு, சொந்தமாக ஒரு துண்டு நிலம் இல்லாமல் திரும்பிவந்த தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையிலிருந்து அறிவு எடுத்த பாட்டு அது.

2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா பத்திரிகையின் அட்டையில் தீயும், கனடாவில் வாழும் ஈழத் தமிழ் ராப்பர் ஷான் வின்சென்ட் டி பாலும் வந்தார்கள். அறிவு இல்லை. 'என்ஜாய் எஞ்சாமி' பாட்டோடு, 'சார்பட்டா பரம்பரை' படத்தின் 'நீயே ஒளி' பாட்டிலும் அறிவின் வரிகள் இருக்க, அவர் பெயர் மறைக்கப்படுகிறது என்று பா.ரஞ்சித் பகிரங்கமாகக் கேள்வி எழுப்பினார். விவாதம் வெடித்தது. பிறகு அறிவு இடம்பெற்ற டிஜிட்டல் அட்டையை அந்தப் பத்திரிகை வெளியிட்டது.

அடுத்த ஆண்டு, 2022 ஜூலை 28-ம் தேதி, செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா சென்னை நேரு உள்விளையாட்டு அரங்கில் நடந்தது. அந்த மேடையில் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் அந்தப் பாட்டைப் பாடினார்கள். அறிவு மேடையில் இல்லை. சில நாளில், மெட்டும் வரியும் தன்னுடைய உழைப்பு என்று அறிவு சமூக வலைதளத்தில் எழுதினார். அது மூவரும் சேர்ந்து செய்த வேலை என்று விளக்கம் கொடுத்தார் சந்தோஷ் நாராயணன். ஒரு பாட்டின் மெட்டு யாருடையது, ஏற்பாடு யாருடையது, சொல் யாருடையது என்று தமிழ்நாடு முழுக்க டீக்கடையில் பேசியது அப்போதுதான். 2024 மார்ச்சில் இன்னொரு அதிர்ச்சி: அந்தப் பாட்டிலிருந்து இதுவரை தனக்கு ஒரு பைசாகூட வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் வீடியோவில் சொன்னார்.

பெயர் என்பது வெறும் கவுரவம் இல்லை, காசும் அதில்தான் இருக்கிறது. 2012-ல் திருத்தப்பட்ட இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின்படி, பாட்டு எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் ராயல்டியில் சம பங்கு உண்டு. அதை அவர்கள் எழுதிக்கொடுத்து விட்டுவிடவும் முடியாது. நடைமுறையில் எழுதியவர் என்று யார் பெயர் பதிவாகிறதோ அவருக்குத்தான் அந்தக் காசு போகும். ஆகவே எந்த ஆல்பம் கேட்டாலும் வீடியோவுக்குக் கீழே இருக்கும் விவரத்தை ஒருமுறை விரித்துப் பாருங்கள். வரிகள் யார், இசை யார், மிக்ஸிங் யார் என்று பாதிப் பேர் அதைத் தொடுவதே இல்லை.

கரியாலூரில் கேட்டால் ஏன் வேறு மாதிரி கேட்கிறது?

இவ்வளவும் பார்த்து மார்க் போட்டாலும், கேட்கும் காது ஒன்று இருக்கிறதே.

கல்வராயன் மலையில் பெரும்பான்மையாக வாழ்பவர்கள் மலையாளி பழங்குடி மக்கள். பெயரைப் பார்த்துக் கேரளா என்று நினைத்துவிட வேண்டாம், மலையில் வாழ்பவர் என்ற பொருளில் வந்த பெயர், பேசுவது தமிழ். இந்த மலை தலைமுறை தலைமுறையாக ஜாகிர்தார்களின் கட்டுப்பாட்டில் இருந்தது, 1976-ல்தான் அரசின் கைக்கு வந்தது. நாடு சுதந்திரம் அடைந்து 29 வருடம் கழித்து. இங்கிருந்து கேரளா, கர்நாடகா தோட்டங்களுக்கு மாதக்கணக்கில் கூலி வேலைக்குப் போய்வரும் குடும்பங்கள் உண்டு.

அப்படி ஒரு வீட்டுப் பிள்ளை, தோட்டத்தில் உழைத்தும் நிலம் இல்லாமல் போன பாட்டியின் கதையைக் கேட்கும்போது பீட் என்ன, பிபிஎம் என்ன என்று பார்க்க மாட்டார். அறிவு பக்கம் சாய்வார். அது பாரபட்சமா? கோலாலம்பூரில் தமிழ்ப் பள்ளிக்குப் போய் வளர்ந்த ஒருவர், தன் ஊர்த் தமிழ் உலக மேடை ஏறியதை 'வல்லவன்' ஆல்பத்தில்தான் முதலில் பார்த்தார் என்றால் அவர் அங்கே சாய்வதும் அதே மாதிரிதான். 2012-ல் கோவையில் கல்லூரி ஹாஸ்டலில் இருந்தவரிடம் ஆதியை விட்டுக்கொடுக்கச் சொல்ல முடியுமா?

சாய்வு இருப்பது தப்பில்லை, அதை மறைப்பதுதான் தப்பு. "எனக்கு இது பிடிக்கும், ஏன்னா என் கதை இதுல இருக்கு" என்று சொல்லிவிட்டால் பேச்சு தொடரும். "இதுதான் பெஸ்ட், மத்ததெல்லாம் வேஸ்ட்" என்றால் அங்கேயே அடிதடி.

மூன்றையும் ஏற்கெனவே கேட்டு முடித்தவர்களுக்கு இன்னொரு ஆல்பம் இருக்கிறது. 2024-ல் அறிவு தனியாக வெளியிட்ட 'வள்ளியம்மா பேராண்டி'. எம்.ஐ.ஏ. தன் முதல் ஆல்பத்துக்கு அப்பா பெயரையும், 2007-ல் இரண்டாவது ஆல்பத்துக்கு 'கலா' என்று அம்மா பெயரையும் வைத்தார். அறிவு பாட்டி பெயரை வைத்திருக்கிறார். இந்த முறை அட்டையில் யார் பெயர் வரும் என்ற சந்தேகத்துக்கே இடமில்லை. மலை ஏறுவதற்கு முன்னால், சிக்னல் இருக்கும்போதே டவுன்லோடு போட்டுவிடுங்கள்.